ஆறரை மணிக்குச் சாரதாமணி எங்கே இருந்தாள்

அந்தக் கம்பெனியிலேயே அழகான கையெழுத்து சாரதாமணியுடையது. கிறுக்கல் கிடையாது. ஐந்து எழுத்தும் தனித்தனியாக, முத்து முத்தாக நிற்கும். கடைசி ‘ணி’யின் மேல்சுழியை மட்டும் கொஞ்சம் நீட்டி விடுவாள். பேக்கிங் செக்‌ஷனில் யார் எதில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தாலும், அந்தச் சுழி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பேனாவை எடுப்பார்கள்.

குன்னத்தூர்ப் பக்கம் பிறந்தவள். பத்தாவது முடித்து, பதினேழு வயதில் திருப்பூருக்கு வந்து, பனியனில் பிசிர் வெட்டும் வேலையில் சேர்ந்தாள். பிறகு செக்கிங், பிறகு பேக்கிங். பல்லடம் ரோட்டில் இருக்கும் இந்தக் கம்பெனியில் மட்டும் பதினான்கு வருஷம். கணவர் ரத்தினசாமி இதே கம்பெனியின் பஸ்ஸை ஓட்டுகிறார். குடியிருப்பதும் பொங்கலூருக்குப் பக்கத்தில் கம்பெனி கட்டிவிட்ட லைன் வீட்டில். வேலை, வீடு, போகிற பஸ் எல்லாம் ஒரே முதலாளியுடையது. இது வசதி என்றுதான் அவள் வெகுநாள் நினைத்திருந்தாள்.

அவள் கையெழுத்தை அதிகம் விரும்பியது ஹெச்.ஆர். ஆபீஸ். துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிகள் ஆடிட்டர்களை அனுப்பும். அவர்கள் வருவதற்கு மூன்று நாள் முன்னால் பேக்கிங் டேபிளுக்கு ரெஜிஸ்டர்கள் வரும். ‘மார்ச் எட்டு, மாலை மூன்று முதல் நான்கு வரை தீயணைப்புப் பயிற்சி. கலந்துகொண்டவர்கள்:’ என்று மேலே அச்சடித்திருக்கும். மார்ச் எட்டாம் தேதி மூன்று மணிக்கு எல்லோரும் பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்திருப்பார்கள். முதல் கையெழுத்தைச் சாரதாமணி போடுவாள். மற்றவர்கள் வரிசையாகப் போடுவார்கள்.

“அக்கா, உங்க கையெழுத்தப் பாத்தா எனக்கே நெருப்ப அணைக்கத் தெரிஞ்ச மாதிரி இருக்குதுங்க” என்பான் குணா. ஓவர்லாக் மெஷினில் தைக்கிற பையன். டீ நேரத்தில் பேக்கிங் பக்கம் வந்து ஏதாவது வம்பிழுத்துவிட்டுப் போவான்.

“நீ மொதல்ல உன்ற மெஷின்ல எண்ணெய் ஒழுகறத அணை, போ” என்பாள் இவள்.

மாதக் கடைசியில் இன்னொரு தாள் வரும். தினமும் காலை எட்டரைக்கு உள்ளே, மாலை ஐந்தரைக்கு வெளியே என்று எல்லா வேலை நாளும் ஒரே மாதிரி இருக்கும். உண்மையில் வாரத்தில் நான்கு நாள் இரவு எட்டரை ஆகும். அந்த மூன்று மணி நேரத்துக்குத் தனியாக ஒரு நோட்டு, தனியாக ஒரு கவர். ஆடிட்டர் பார்ப்பது ஐந்தரைத் தாளைத்தான். அதிலும் அவள் கையெழுத்து இருக்கும். பொய் சொல்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. பீஸை மடிப்பது மாதிரி, விலைச்சீட்டு தொங்கவிடுவது மாதிரி, அதுவும் ஒரு வேலை.

இரண்டாயிரத்து இருபத்திரண்டு செப்டம்பர் பதினைந்து, வியாழக்கிழமை. காலை பதினோரு மணிக்கு ஹெச்.ஆர். மேனேஜர் வேல்குமார் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். ஆபீசில் ஒரு ஏட்டு உட்கார்ந்திருந்தார். பெயர் கன்னையன்.

“சாரதாக்கா, இதுல ரெண்டு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டுப் போங்க.”

“என்னதுங்க சார் இது?”

“ஸ்டேஷன் பேப்பருங்கக்கா. சும்மா ஃபார்மாலிட்டி. செக்யூரிட்டி சாமியப்பண்ணன் போட்டுட்டாரு பாருங்க.”

மேலே ‘மகஜர்’ என்று எழுதியிருந்ததைப் பார்த்தாள். கீழே சாமியப்பனின் கோணல் கையெழுத்தைப் பார்த்தாள். நடுவில் இருந்ததை அவள் பார்க்கவில்லை. ஷிப்மென்ட் மிச்சம் கிடந்தது. போட்டுவிட்டாள்.

“அடேங்கப்பா, முத்தாட்ட எழுதறீங்களே அம்மிணி” என்றார் ஏட்டு. அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மத்தியானச் சோற்று நேரத்தில்தான் தெரிந்தது. எட்டுப் பெட்டி குழந்தைப் பனியனைத் திருடிவிட்டான் என்று குணாவைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். தான் கையெழுத்துப் போட்ட பேப்பர் இதற்குத்தான் என்று அவளுக்குப் புரிந்தது. அடப்பாவமே என்று நினைத்தாள். அதற்குமேல் நினைக்கவில்லை. குணா இரண்டு மாதம் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்தான் என்றும், எந்தக் கம்பெனியிலும் அவனை எடுப்பதில்லை என்றும் பிறகு யாரோ சொன்னார்கள்.

இரண்டரை வருஷம் போனது. இந்த வருஷம் ஏப்ரலில் ஏட்டு கன்னையன் லைன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, சம்மனைக் கொடுத்தார். கூடவே அந்த மகஜரின் ஜெராக்ஸ்.

“அடுத்த பொதங்கிழமை கோர்ட்டுங்க. பயப்படறதுக்கு ஒண்ணுமில்ல. இத நாலு தடவ படிச்சுட்டு வந்து, இதுல இருக்கறதச் சொன்னாப் போதும்.”

அன்றைக்குத்தான் அவள் அதை முதன்முதலாகப் படித்தாள்.

‘14.09.2022 அன்று மாலை 18.30 மணிக்கு, கீழே கையொப்பமிட்டுள்ள சாட்சிகள் முன்னிலையில், எதிரி தாமாக அழைத்துச் சென்று அடையாளம் காட்டிய வாடகை அறையில், கட்டிலுக்கு அடியிலிருந்து எட்டு அட்டைப்பெட்டிகள் எடுத்து ஆஜர்படுத்தப்பட்டு, மேற்படி சாட்சிகள் முன்னிலையில் கைப்பற்றப்பட்டன.’

எதிரி என்று எழுதியிருந்தது குணாவை. சாட்சி ஒன்று, சாமியப்பன். சாட்சி இரண்டு, சாரதாமணி. தன்னைப் பற்றி யாரோ எழுதிய கதையைப் படிப்பது போல அவளுக்கு இருந்தது. அந்தக் கதையில் அவள் ஒரு அறைக்குள் நின்று, ஒரு பையன் கட்டிலுக்கு அடியில் குனிவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மகள் கிருத்திகா பிளஸ் டூ எழுதிவிட்டு வீட்டில் இருந்தாள். போனில் தேடிப் பார்த்துவிட்டு வந்தாள்.

“அம்மா, மகஜர்ங்கறது தமிழே இல்லியாம். அரபியாம்.”

“எதா இருந்தா என்ன கண்ணு.”

“இல்லம்மா, கேளு. நேர்ல இருக்கறதுன்னு அர்த்தமாம். ஆஜர்னு சொல்றமே, அதும் இதும் ஒரே வேராம்.”

அந்தச் சொல்லின் கதை இதுதான். அரபியில் ‘ஹாஜிர்’ போன்ற சொற்களெல்லாம் நேரில் வந்து நிற்பதைக் குறிப்பவை. அந்த வேரிலிருந்து பிறந்த ‘மஹ்ஜர்’ முதலில் ஆட்கள் கூடி நிற்பதைக் குறித்தது. பிறகு, அப்படி நின்றவர்கள் ‘நாங்கள் இருந்தோம், பார்த்தோம்’ என்று கையெழுத்து வைத்த தாளுக்கும் அதுவே பெயரானது. பாரசீகம் வழியாக நவாபுகளின் அரசாங்கக் கச்சேரிகளுக்கு வந்து, வெள்ளைக்காரர் கோர்ட்டிலும் தங்கி, தமிழில் மகஜர் ஆகிவிட்டது. ஊர்க்காரர்கள் ஒன்றாகப் போய்க் கலெக்டரிடம் கொடுக்கும் மனுவையும் பேப்பரில் மகஜர் என்றே எழுதுகிறார்கள். போலீஸ் ஒரு இடத்தைப் பார்வையிட்டாலும், ஒரு பொருளை எடுத்தாலும், பக்கத்தில் இருக்கும் இரண்டு பேரைச் சாட்சியாக வைத்து எழுதுவதும் மகஜர்தான். எந்த வழியில் போனாலும் அந்தச் சொல்லுக்கு உள்ளே இருப்பது ஒன்றே ஒன்று: அந்த நேரத்தில் ஆள் அங்கே இருந்திருக்க வேண்டும்.

பேக்கிங்கில் அவள் பக்கத்தில் நின்று வேலை செய்யும் பூல்மதி பீகார்க்காரி. காலையில் கேட்டில் விரல் வைத்துவிட்டு ‘ஹாஜிரி’ ஆகிவிட்டது என்பாள். வந்தாயிற்று என்று அர்த்தம். பத்து வருஷமாகக் கேட்கிற சொல். மறுநாள் காலையில் அதைக் கேட்டபோதுதான், அதுவும் அதே வேர் என்று சாரதாமணிக்குப் பட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை குணாவின் அம்மா மருதாள் வந்தாள். கொமரலிங்கத்திலிருந்து மூன்று பஸ் மாறி வந்திருந்தாள். கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, வெகுநேரம் சொம்பைக் கையிலேயே வைத்திருந்தாள்.

“நான் உங்களச் சண்டைக்கு இழுக்க வரலீங்க.”

“அய்யோ, அப்படியெல்லாம் இல்லீங்க.”

“எடுத்தானான்னு கேட்டா எனக்கும் தெரியாதுங்க. பெத்தவளுக்கு எல்லாந் தெரியும்பாங்க. எனக்குத் தெரியலீங்க. இல்லேங்கறான். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அவன் அந்தப் பொட்டிய எடுத்தத நீங்க பாத்தீங்களா சாமி?”

அடுப்பில் குக்கர் விசில் அடித்தது. சாரதாமணி எழுந்து போய் அதை அணைத்துவிட்டு அங்கேயே நின்றாள். திரும்பி வந்தபோது மருதாள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

“பாத்திருந்தீங்கன்னா உடனே சொல்லியிருப்பீங்க” என்றாள். அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் சாரதாமணிக்குத் தாங்கவில்லை.

“என்ன ரோசன உனக்கு?” என்றார் ரத்தினசாமி. அவர் கட்டிலில் படுத்தபடி எல்லாவற்றையும் கேட்டிருந்தார். “ஆமான்னு சொல்லிப்போட்டு வா. ஒரு வார்த்த.”

“அந்த ஒரு வார்த்தையில பையன் ஜெயிலுக்குப் போயிருவானுங்க.”

“இல்லேன்னு சொன்னா நாம எங்க போறது? ஊடு அவங்குளுது. பஸ்ஸு அவங்குளுது. நாஞ் சட்ட போட்டிருக்கறனே, இதுகூட அவங்குளுதுதான் புள்ள.”

அவர் சொன்னதில் தப்பில்லை. அவளும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். ஆனாலும் ஒரு வழி இருப்பதாக அவளுக்குத் தோன்றியது. அன்று ஆறரை மணிக்கு அவள் பேக்கிங்கில்தான் நின்றாள். புதன்கிழமை ஷிப்மென்ட், எட்டரை வரைக்கும் இருந்தாள். அதற்கு ரிக்கார்டு இருக்கும். அதைக் காட்டினால், நானாக மறுக்கவில்லை, பேப்பர்தான் மறுக்கிறது என்று ஆகிவிடும். திங்கட்கிழமை வேல்குமாரிடம் போனாள்.

“சார், அன்னைக்கு எட்டரை வரைக்கும் இங்கதானுங்க இருந்தேன். உங்களுக்கே தெரியுமுங்களே.”

வேல்குமார் சிரிக்கவுமில்லை, முறைக்கவுமில்லை. பீரோவைத் திறந்து இருபத்திரண்டாம் வருஷத்துக் கட்டை எடுத்து, செப்டம்பர் தாளைத் திருப்பி அவள் முன்னால் வைத்தார். பதினான்காம் தேதி. உள்ளே எட்டரை. வெளியே ஐந்தரை. கீழே சுழி நீண்ட கையெழுத்து.

“நீங்க அஞ்சரைக்கே போயிட்டீங்கக்கா.”

“இது ஆடிட்டுக்கு எழுதறதுங்க. ஓ.டி. நோட்டு…”

“எந்த நோட்டுங்க்கா? நம்ம கம்பெனில ஓவர்டைமே இல்லீங்களே.” தாளைத் திரும்பக் கட்டினார். “நோட்டு கீட்டுன்னு கோர்ட்டுல போய்ப் பேசினீங்கன்னா, துணி வாங்கற பையர் போயிருவான். இங்க அறுநூறு பேருக்கு வேலை போயிரும். உங்க ஒருத்தருக்கு இல்ல. பாத்துக்கங்க.”

படி இறங்கிக்கொண்டே ஒவ்வொரு தாளாக எண்ணிப் பார்த்தாள். அவள் பேக்கிங்கில் இருந்ததற்கு ஒரு தாளும் இல்லை. அவள் போகாத அறையில் இருந்ததாக ஒரு தாள். வேலை செய்த நேரத்தில் வெளியே போய்விட்டதாக ஒரு தாள். நடக்காத பயிற்சியில் நெருப்பு அணைத்ததாகப் பத்துத் தாள். எல்லாவற்றிலும் கையெழுத்து அவளுடையது. யாரும் அவளைக் கட்டிப்போடவில்லை. இத்தனை வருஷமாகப் பேனாவைப் பிடித்து ஒவ்வொரு முடிச்சையும் அவளே போட்டிருக்கிறாள்.

புதன்கிழமை கோர்ட் வராந்தாவில் பத்து மணியிலிருந்து நின்றாள். எதிர்ச் சுவரோரம் குணா நின்றான். இளைத்து, தாடி விட்டிருந்தான். இவளைப் பார்த்துப் பழக்கத்தில் சிரிக்கப் போனவன், பாதியிலேயே நிறுத்திக்கொண்டான். அவள் மொசைக் தரையைப் பார்த்தாள். அவளுக்கு முன்னால் சாமியப்பன் கூண்டேறி, இருந்தேன், பார்த்தேன் என்று சொல்லிவிட்டு வந்தார். வரும்போது இவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“சாரதாமணி! சாரதாமணி! சாரதாமணி!” என்று மூன்று தரம் கூப்பிட்டார்கள்.

கூண்டில் ஏறினாள். உண்மையைத் தவிர வேறில்லை என்று சொல்லச் சொன்னார்கள். சொன்னாள். அரசு வக்கீல் மகஜரைக் காட்டினார்.

“இதுல இருக்கிறது உங்க கையெழுத்துதானேம்மா?”

“ஆமாங்க.”

“சம்பவத்தன்னைக்கு மாலை ஆறரை மணிக்கு, எதிரியோட அறையில போலீஸார் பெட்டிகளைக் கைப்பற்றும்போது நீங்க கூட இருந்தீங்க. சரிங்களா?”

அவள் படித்து வைத்திருந்த பதில் ஒரே ஒரு ‘ஆமாங்க’. அதைச் சொல்வதற்கு முன்னால் அந்த அறையை மனதுக்குள் கொண்டுவரப் பார்த்தாள். கட்டில் எந்தப் பக்கம், ஜன்னல் உண்டா, சுவருக்கு என்ன நிறம் என்று ஒன்றுமே வரவில்லை. பேக்கிங் டேபிளும் டேப் கிழிகிற சத்தமும்தான் வந்தன.

“இல்லீங்க.”

“என்னது?”

“கையெழுத்து என்னுதுங்க. அங்க நான் போகலீங்க. அந்த ரூமு எங்க இருக்குதுன்னே எனக்குத் தெரியாதுங்க.”

கோர்ட்டில் சிறு சலசலப்பு. அரசு வக்கீல் நீதிபதியிடம் திரும்பி, இவரைப் பிறழ் சாட்சியாக அறிவிக்க வேண்டும் என்றார். கூப்பிட்ட தரப்புக்கு எதிராகத் திரும்பிவிட்ட சாட்சிக்குக் கோர்ட்டில் அதுதான் பெயர். அதன்பிறகு அவர் குரல் மாறிவிட்டது.

“அப்ப ஆறரை மணிக்கு எங்க இருந்தீங்க?”

“கம்பெனிலங்க. பேக்கிங்குல.”

“கம்பெனி குடுத்திருக்கிற ரிக்கார்டுல நீங்க அஞ்சரைக்கே வெளிய போயிட்டதா இருக்கு. கையெழுத்துப் போட்டிருக்கீங்க.”

“அதும் என்னுதுதானுங்க.”

“அதுவும் பொய்யா?”

“ஆமாங்க.”

யாரோ சிரித்தார்கள். நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். நடுத்தர வயதுப் பெண்மணி.

“ஏம்மா, எதைப் பார்த்தாலும் என் கையெழுத்து, ஆனா பொய்ங்கறீங்க. எதுக்குப் போட்டீங்க?”

சாரதாமணி கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். “போடச் சொன்னாங்க, போட்டனுங்க. எல்லாத்துக்கும் அப்படித்தானுங்க போடறது. படிச்சுப் பாத்ததில்லீங்க.”

குணாவின் வக்கீல் தேவிப்பிரியா எழுந்து இரண்டே கேள்வி கேட்டாள். மகஜர் எங்கே வைத்துக் கையெழுத்து வாங்கப்பட்டது? மறுநாள், கம்பெனி ஆபீசில். அப்போது அந்தப் பெட்டிகளைப் பார்த்தீர்களா? இல்லை. அவ்வளவுதான்.

சொன்னதையெல்லாம் டைப் அடித்து, கையெழுத்துக்கு நீட்டினார்கள். எழுத்தர் விரலால் இடத்தைக் காட்டினார். அவள் பேனாவை வாங்கிக்கொண்டு, தாளின் தலைப்பிலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.

“அம்மா, அடுத்த கேஸ் இருக்குது. சீக்கிரம்” என்றார் எழுத்தர்.

“படிச்சுக்கறனுங்க.”

இரண்டு பக்கம். ஓர் இடத்தில் நின்றாள். ‘கைப்பற்றும்போது நான் அருகில் இல்லை’ என்று இருந்தது. “இப்படி நான் சொல்லலீங்க. பக்கத்துல இல்லேன்னா, தள்ளி நின்னேன்னு ஆயிரும். நான் அங்க போகவே இல்லீங்க.” நீதிபதி தாளை வாங்கிப் பார்த்து, திருத்தச் சொன்னார். பிறகு அவள் கையெழுத்துப் போட்டாள். இந்தத் தடவை சுழியை நீட்டவில்லை.

மறுநாள் கம்பெனியில் யாரும் எதுவும் கேட்கவில்லை. அடுத்த நாளும் கேட்கவில்லை. சனிக்கிழமை காலை, கேட்டில் இருக்கும் மெஷினில் விரலை வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. துடைத்துவிட்டு வைத்தாள். சிவப்பு. அடுத்த விரல். சிவப்பு.

“மெஷின் கோளாறுங்க. திங்கக்கெழம வாங்க” என்றார் சாமியப்பன், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு. அவளுக்குப் பின்னால் வந்த பூல்மதியின் விரலுக்குப் பச்சை எரிந்தது.

திங்கட்கிழமையும் சிவப்புதான். வேல்குமார் கேட்டுக்கு வந்து ஒரு தாளை நீட்டினார். படித்தாள். சொந்தக் காரணங்களுக்காகத் தானாகவே வேலையிலிருந்து விலகிக்கொள்வதாக அதில் இருந்தது.

“எனக்குச் சொந்தக் காரணம் ஒண்ணுமில்லீங்க சார்.”

“அப்ப வேலைக்கு வராம நின்னுட்டதா ஆயிருமுங்க்கா. பத்து நாள் ஆப்சென்ட் ஆனா தானா பேரு போயிரும்.”

“நாந்தான் வந்து நிக்கறனுங்களே.”

“மெஷின்ல இல்லீங்களே” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அன்று சாயங்காலம் அவள் கிருத்திகாவிடம் ஒரு நோட்டு வாங்கினாள். செவ்வாய்க்கிழமை வழக்கம்போல ரத்தினசாமியின் பஸ்ஸிலேயே வந்து இறங்கி, விரல் வைத்து, சிவப்பு எரிந்ததும், கேட்டுக்கு வெளியே செக்யூரிட்டி பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். மாலை ஐந்தரை ஆனதும் எழுதினாள். ‘இன்று காலை எட்டு இருபதுக்குக் கம்பெனி கேட்டுக்கு வேலைக்கு வந்தேன். மெஷின் விரலை எடுக்கவில்லை. மாலை ஐந்தரை வரை இங்கேயே இருந்தேன். என்னைப் பார்த்தவர்கள்:’ அதற்குக் கீழே ஒன்று, இரண்டு என்று எண் போட்டு இடம் விட்டாள். இரண்டு சாட்சி வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் பஸ் ஏற வந்தவர்களிடம் நோட்டை நீட்டினாள். கூடவே பதினான்கு வருஷம் வேலை செய்தவர்கள். ஒருத்தி பேசுவது மாதிரி போனைக் காதில் வைத்துக்கொண்டாள். ஒருத்தி, “கொழந்தைங்க இருக்குதுங்கக்கா” என்று கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள். அவர்கள் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. இரண்டரை வருஷத்துக்கு முன்னால் தானும் அப்படித்தான் போயிருப்பாள் என்று நினைத்தாள்.

புதனும் வியாழனும் காலியாகவே போயின. வெள்ளிக்கிழமை பூல்மதி நோட்டை வாங்கி, தமிழ் படிக்கத் தெரியாததால் வாசித்துக் காட்டச் சொல்லி, தலையாட்டிக் கேட்டுவிட்டு, ‘ஒன்று’ என்ற இடத்தில் இந்தியில் பெயர் எழுதினாள். “ஹாஜிரி” என்றாள், சாரதாமணியின் நெஞ்சைத் தொட்டுக் காட்டி.

‘இரண்டு’ காலியாக இருந்தது.

ரத்தினசாமி இத்தனை நாளும் அவளோடு பேசவில்லை. காலையில் அவளையும் ஏற்றிக்கொண்டு வருவார். சாயங்காலம் அவளையும் ஏற்றிக்கொண்டு போவார். கண்ணாடியில்கூடப் பார்க்கமாட்டார். அந்த வாரம் வீட்டைக் காலிசெய்யச் சொல்லி வாய்மொழியாகச் சொல்லிவிட்டிருந்தார்கள். அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் ஏறி உட்கார்ந்து, கிளம்ப வேண்டிய நேரமும் தாண்டிவிட்டது. அவர் எஞ்சினை அணைத்தார். இறங்கி, பஸ்ஸைச் சுற்றிக்கொண்டு பெஞ்சுக்கு வந்தார். மாடி ஜன்னலில் வேல்குமார் நின்றிருந்தது இரண்டு பேருக்குமே தெரிந்தது.

“எங்க போடோணும்?” என்றார், பேனாவுக்குக் கை நீட்டி.

அவள் பேனாவைக் கொடுக்கவில்லை. நோட்டைத் திருப்பி அவர் பக்கம் வைத்தாள்.

“மொதல்ல படியுங்க.”

அவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, முதல் வரியிலிருந்து, எழுத்துக் கூட்டி, சத்தமாகவே படிக்க ஆரம்பித்தார்.